லாரன்ஸ் விசையை ஸ்கூல் கண்காட்சியில காட்டணுமா? தட்டுல தண்ணிய சுத்த வைக்கிற மாடல், சாமான் லிஸ்ட்ல இருந்து ஜட்ஜ் கேள்வி வரைக்கும்

ப்ளஸ் டூ பிசிக்ஸ்ல நகருற மின்துகள் மேல காந்தப்புலம் குடுக்கிற விசைன்னு, அதாவது லாரன்ஸ் விசைன்னு, ஒரு பாடம் வரும், ஸ்டேட் போர்டுல மூணாவது யூனிட்டு, சிபிஎஸ்இல நாலாவது சாப்டர். ஃபார்முலா எல்லாப் பிள்ளைங்களுக்கும் மனப்பாடமா தெரியும். ஆனா அந்த விசையை கண்ணால பாத்த பிள்ளைங்க ரொம்ப கம்மி. ஒரு சின்ன பிளாஸ்டிக் தட்டு, கொஞ்சம் ஆப்ப சோடா, ஒரு காந்தம், ஒரு அடாப்டர் இருந்தா போதும், தண்ணி தானா சுத்துறதை வீட்டு மேசையிலயே பாக்கலாம்.

போன வருஷம் என் பொண்ணு கண்காட்சிக்கு இதைத்தான் எடுத்தா. இணையத்துல தேடினா ஒருத்தர் உப்பு போடுங்கன்றார், இன்னொருத்தர் மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்)ன்றார், எத்தனை ஆம்பியர் போகணும், எந்தப் பக்கம் சுத்தணும், தண்ணி ஏன் பச்சையாகுதுன்னு யாரும் சொல்லல. கடை கடையா ஏறி இறங்கி, ராத்திரி ராத்திரியா செஞ்சு பாத்து தெரிஞ்சுக்கிட்டதை எல்லாம் இங்க வரிசையா எழுதுறேன், உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

1. முதல்ல, எந்த மாடல்னு தெளிவாகிக்கோங்க

இந்தப் பாடத்துக்கு வழக்கமா மூணு மாடல் செய்வாங்க. ஒண்ணு, பென்டார்ச் பேட்டரி அடியில காந்தம் ஒட்டி மேல கம்பி வளைச்சு வச்சா சுத்துற மோட்டார். செலவு கம்மி, ஆனா பேட்டரி கிட்டத்தட்ட ஷார்ட் ஆகி சீக்கிரமே சூடேறிடும், அதோட மின்துகள் கம்பிக்குள்ள அடைஞ்சு கிடக்கிறதால கண்ணுக்குத் தெரியறது கம்பி மட்டும்தான். ரெண்டாவது, பழைய டப்பா டிவி கிட்ட காந்தத்தை கொண்டு போய் படம் கோணுறதை காட்டறது. உள்ள எலக்ட்ரான் கற்றை வளையறதால அது உண்மையிலேயே நல்ல விளக்கம்தான், ஆனா அந்த டிவிய கண்காட்சிக்குன்னு சொல்லி கழட்ட ஆரம்பிச்சிடுவாங்க, அங்கதான் ஆபத்து. கலர் பிக்சர் ட்யூப்ல 20,000 வோல்ட்டுக்கு மேல இருக்கும், பிளக்கை புடுங்கினதுக்கு அப்புறமும் அந்த சார்ஜ் ட்யூப்லயே நிக்கும், கண்ணாடி உடைஞ்சா உள்பக்கமா வெடிச்சு சில்லு சில்லா தெறிக்கும். பிள்ளைங்களை அது பக்கமே விடாதீங்க.

மூணாவதுதான் தண்ணி மாடல். என்னோட ஓட்டு இதுக்குத்தான். தண்ணியில கரைஞ்ச அயனிங்க நிஜமாவே அங்கேருந்து இங்க நகருது, அது மேல விசை விழுது, அது தண்ணியையும் சேத்து இழுத்துட்டுப் போகுது. பாசிட்டிவ் அயனி, நெகட்டிவ் அயனி ரெண்டுமே ஒரே தட்டுல இருக்கறதால பாடத்தோட மையமான கேள்வி ஒண்ணு இதுல தானா வந்து நிக்கும், அதை ஏழாவது ஸ்டெப்ல சொல்றேன்.

2. சாமான் லிஸ்ட்டும் செலவும்

விலை எல்லாம் சுமாரா சொல்றேன், ஊருக்கு ஊர் மாறும்.

காந்தம்: நியோடிமியம் வட்டக் காந்தம், 25 மில்லிமீட்டர் அகலம், 5 மில்லிமீட்டர் கனம், மூணு வாங்குங்க, ஒண்ணு நூறு ரூபாயை ஒட்டி வரும். சென்னையில இருக்கறவங்க ரிச்சி தெருவுல நேர்ல பாத்து வாங்கலாம், மத்தவங்க ஆன்லைன். காசு மிச்சம் பண்ணணும்னு பழைய ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்துட்டு வருவாங்க, அது நடுவுல ஓட்டை இருக்கிற வளையம். வளையக் காந்தத்துல ஓட்டைக்கு நேர் மேல காந்தப்புலம் தலைகீழா இருக்கும், அதனால தட்டோட நடுவுல தண்ணி ஒரு பக்கமும் வெளியில வேற பக்கமும் சுத்தப் பாக்கும், கடைசியில எதுவும் சரியா சுத்தாம குழம்பி நிக்கும். காரணம் தெரியலன்னா நாள் பூரா வயரை மாத்திக்கிட்டே இருப்பீங்க. ஓட்டை இல்லாத காந்தம்தான் வேணும், இதுல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

கரண்ட்டு: 12 வோல்ட் 1 ஆம்பியர் டிசி அடாப்டர், 150ல இருந்து 250 ரூபாய்க்குள்ள. வீட்ல பழைய ரவுட்டர் அடாப்டர் இருந்தா அதுவே போதும். வாங்குறதுக்கு முன்னாடி அது மேல ஒட்டியிருக்கிற லேபிள்ல அவுட்புட்டுன்னு இருக்கிற இடத்தைப் பாருங்க, ஒரு நேர்கோடும் அதுக்குக் கீழ புள்ளிக்கோடும் இருந்தா டிசி, அலை மாதிரி ஒரு குறி இருந்தா ஏசி. ஏசி அடாப்டர் குடுத்தா கரண்ட்டு செகண்டுக்கு 50 சுழற்சியா முன்னும் பின்னும் மாறிக்கிட்டே இருக்கும், விசையும் கூடவே மாறும், தண்ணி ஒரு பக்கமும் போகாது. 9 வோல்ட் சதுர பேட்டரியிலயும் சுத்தும், ஆனா இந்த அளவு கரண்ட்டை அது ரொம்ப நேரம் தாங்காது, கண்காட்சி நாள் முழுக்க ஓட்டணும்னா பை நிறைய பேட்டரிதான் கொண்டு போகணும். பைக் பேட்டரி, யுபிஎஸ் பேட்டரி எக்காரணம் கொண்டும் வேண்டாம், வயர் ரெண்டும் தொட்டுக்கிட்டா நூத்துக்கணக்கான ஆம்பியர் பாயும், தீப்பிடிச்சிடும்.

நடு மின்வாய் (தட்டோட நடுவுல தண்ணிக்குள்ள கரண்ட்டை விடுற முனை): பென்சில் ஈயம். 6பி இல்ல 8பி டிராயிங் பென்சில் வாங்கி பிளேடால மரத்தை சீவி ஈயத்தை முழுசா எடுங்க, இல்லைன்னா 2 மில்லிமீட்டர் கிளட்ச் பென்சில் ஈயமா வாங்குங்க. பி நம்பர் கூடினா கிராஃபைட் அதிகம், கரண்ட்டு நல்லா போகும். உடையும், அதனால அஞ்சாறு எடுத்து வைங்க. எவர்சில்வர் ஸ்பூன், ஆணி இதெல்லாம் பாசிட்டிவ் பக்கம் வைக்காதீங்க, இரும்பு கரைஞ்சு தண்ணி துருப்பிடிச்ச கலருக்கு வந்துடும், எவர்சில்வர்ல குரோமியமும் கரைய வாய்ப்பிருக்கு, அது உடம்புக்கு நல்லதில்ல.

வெளி மின்வாய்: எலக்ட்ரிக்கல் கடையில தடிமனான காப்பர் வயர் அரை மீட்டர், மேல் உறையை உரிச்சு வளையமா வளைக்கணும். 30 ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும்.

மத்தது எல்லாம் சில்லறைச் செலவு. எட்டு சென்டிமீட்டர் அகல பிளாஸ்டிக் தட்டு (அடி தட்டையா, மெல்லிசா இருக்கணும், ஸ்வீட் பாக்ஸ் மூடி கூட சரிப்படும்), ரெண்டு மூணு முதலை கிளிப் வயர், ஐஸ் குச்சி, டபுள் டேப்பு, கரகரப்பா பொடிச்ச மிளகு. மஞ்சள் நிற சாதாரண மல்டிமீட்டர் ஒண்ணு 200 ரூபாய் சுமாருக்கு கிடைக்கும், அதை வாங்கிடுங்க, எட்டாவது ஸ்டெப்புக்கு அது இல்லாம முடியாது. மொத்தம் ஆயிரம் ரூபாய்க்குள்ள அடங்கும், வீட்ல அடாப்டரும் மீட்டரும் இருந்தா 500 கூட ஆகாது.

3. உப்பா, சோடாவா, மயில்துத்தமா

இதைத் தனியா எழுதுறேன், ஏன்னா இணையத்துல பாக்கிற குறிப்புல பாதிக்கு மேல இங்கதான் தப்பா சொல்லுது.

உப்புத்தண்ணியில கரண்ட்டு ரொம்ப நல்லாவே போகும். ஆனா பாசிட்டிவ் பக்கத்துல குளோரின் வாயு வரும், ப்ளீச்சிங் பவுடர் வாசம் அடிக்கும், மூடின ரூம்ல பத்து ஸ்டாலுக்கு நடுவுல உக்காந்து நாள் பூரா அதை சுவாசிக்கிறது சரியே இல்ல. மயில்துத்தத்துல ரெண்டு பக்கமும் காப்பர் வச்சா வாயுவே வராது, கலரும் நீலமா அழகா இருக்கும், ஆனா அது விஷம், கண்ணுல பட்டா எரிச்சல், சாக்கடையில ஊத்தவும் கூடாது. சின்னப் பிள்ளைங்க வந்து விரலை விடுற இடத்துல அது வேண்டாம்.

ஆப்ப சோடா போதும். 100 மில்லி தண்ணிக்கு ஒன்றரை டீஸ்பூன், சுமார் 7 கிராம், நல்லா கலக்கினா முழுசா கரைஞ்சிடும். அதுல வர்றது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடும்தான். 0.4 ஆம்பியர் ஒரு நிமிஷம் போனா ஹைட்ரஜன் வெறும் மூணு மில்லிதான் வரும், காத்தோட்டமான இடத்துல பயமே இல்ல, பக்கத்துல மெழுகுவர்த்தி மட்டும் கொளுத்தாதீங்க. கடையில கேக்கறப்ப ஆப்ப சோடான்னு அழுத்திச் சொல்லி வாங்குங்க, பேக்கிங் பவுடரை குடுத்துடுவாங்க, அதுல புளிப்புப் பொருளும் மாவும் கலந்திருக்கும், தண்ணியில போட்டதும் நுரைச்சுக்கிட்டு கலங்கலா நிக்கும்.

கலருக்காக மஞ்சப்பொடி போடலாமான்னு தோணும். சோடாத்தண்ணியில மஞ்சள் சிவப்பா மாற ஆரம்பிச்சிடும், அப்புறம் வர்ற எல்லாரும் அந்தக் கலர் மாற்றத்தைப் பத்தியே கேப்பாங்க, சுத்துறதை யாரும் பாக்க மாட்டாங்க. மிளகுத்தூள் போதும்.

4. எப்ப ஆரம்பிக்கணும்

கண்காட்சிக்கு மூணு வாரம் முன்னாடி சாமானுக்கு ஆர்டர் போட்டுடுங்க, காந்தம் ஆன்லைன்ல வர ஒரு வாரம் எடுத்துக்கலாம். சாமான் கைக்கு வந்துட்டா முதல் தடவை சுத்த வைக்க ஒரு சாயங்காலம் போதும், அளவெடுத்து டேபிள் போட ஒரு சனி ஞாயிறு, சார்ட்டும் எழுத்து வேலையும் இன்னொரு வாரம். கடைசி ரெண்டு நாளை பேசிப் பழகறதுக்குன்னே ஒதுக்குங்க. மாடல் நல்லா ஓடியும் பிள்ளை பேசத் தெரியாம முழிச்சு நின்னு பரிசு போன ஸ்டால் நிறைய பாத்திருக்கேன்.

5. பேப்பர் வேலை

ஸ்கூலுக்குள்ள நடக்கிற கண்காட்சின்னா பதிவு ஃபார்ம், பெற்றோர் சம்மதக் கடிதம், ஒரு பக்க சுருக்கம், இவ்வளவுதான் பெரும்பாலும் கேப்பாங்க. மாவட்ட அளவுக்குப் போனா ஹெட்மாஸ்டர் கையெழுத்து, ஸ்கூல் சீல், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, பிள்ளையோட எமிஸ் நம்பர் (அரசுப் பதிவுல இருக்கிற மாணவர் அடையாள எண்) இதெல்லாம் கேக்கலாம், கடைசி நாள்ல ஹெட்மாஸ்டர் மீட்டிங்ல இருப்பாரு, அதனால முன்கூட்டியே சீல் வாங்கி வச்சுக்கோங்க.

ஒரு பக்க சுருக்கத்துல நோக்கம் ஒரே வரியில இருக்கணும். "நகரும் மின்துகள்கள் மீது காந்தப்புலம் செலுத்தும் விசையின் திசை எதைப் பொறுத்தது என்பதைக் கரைசலில் காட்டுதல்", இப்படி எழுதினா போதும். அதுக்குக் கீழ பேர் எழுதின படம், டேபிள், பாதுகாப்பு குறிப்பு நாலு வரி, எங்க பயன்படுதுன்னு நாலு வரி. வரலாறு ஒரு பக்கத்துக்கு எழுதாதீங்க, ஜட்ஜ் யாரும் அதைப் படிக்கிறதில்ல.

லாக் நோட்டு ஒண்ணு கண்டிப்பா வைங்க, பிள்ளை கையாலயே தேதி போட்டு எழுதினது. என்னைக்கு என்ன செஞ்சா, எவ்வளவு கரண்ட்டு போச்சு, எது ஓடல, எதை மாத்தினா. சுத்தமா டைப் பண்ணின ஃபைலை விட கறை படிஞ்ச அந்த நோட்டைத்தான் ஜட்ஜுங்க கையில எடுத்துப் புரட்டினாங்க, நான் பக்கத்துல நின்னு பாத்தேன். பில்லு எல்லாத்தையும் கடைசிப் பக்கத்துல ஒட்டிடுங்க, செலவு எவ்வளவுன்னு கேட்டா அதைக் காட்டலாம்.

இன்ஸ்பயர் மானக் திட்டத்துக்கு (பள்ளிப் பிள்ளைங்களோட புது யோசனைக்கு மத்திய அரசு பணம் குடுக்கிற திட்டம்) இதை அனுப்பலாமான்னு நிறைய பேர் கேப்பீங்க. அதுல தேர்வாகிற பிள்ளைக்கு 10,000 ரூபாய் பிள்ளையோட பேங்க் அக்கவுண்டுக்கே நேரா வரும், பாஸ்புக் விவரம் தேவைப்படும். ஆனா அங்க பாக்கறது புதுசா ஒரு யோசனை இருக்கான்னுதான், பாடப்புத்தக சோதனையை அப்படியே அனுப்பினா நிக்காது. இந்த விசையை வச்சு உங்க ஊர் பிரச்சினை ஒண்ணைத் தீர்க்கிற மாதிரி பிள்ளை எதாவது யோசிச்சா அப்ப அனுப்புங்க.

6. தட்டை ரெடி பண்ணி சுத்த விடுறது

மூணு காந்தத்தையும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி டேப்பு போட்டு மேசையில ஒட்டுங்க. அடுக்கறப்ப விரல் நடுவுல மாட்டாம பாத்துக்கோங்க, படார்னு ஒட்டிக்கும், விரல் தோல் பிஞ்சிடும், காந்தமே கூட உடைஞ்சு தெறிக்கும். அது மேல தட்டு, தட்டோட நடு சரியா காந்தத்தோட நடுவுக்கு மேல வரணும். தட்டு ஆடாம இருக்க சுத்தியும் அதே உயரத்துக்கு அட்டை அடுக்கிக்கோங்க.

காப்பர் வளையம் தட்டோட உள் ஓரத்தை ஒட்டி உக்காரணும், ஒரு முனையை மேல தூக்கி வெளியில வளைச்சு விட்டா கிளிப் மாட்ட வசதி. ஐஸ் குச்சியில ஓட்டை போட்டு பென்சில் ஈயத்தைச் செருகி, குச்சியை தட்டுக்குக் குறுக்கே வச்சு, ஈயம் நடுவுல செங்குத்தா நிக்கிற மாதிரி ஒட்டுங்க. தண்ணி 7, 8 மில்லிமீட்டர் ஆழம் போதும்.

அடாப்டர் பாசிட்டிவ் ஈயத்துக்கு, நெகட்டிவ் காப்பர் வளையத்துக்கு. கிளிப்போட பல்லு தண்ணியில படவே கூடாது, பட்டா கிளிப்பே கரைய ஆரம்பிச்சு தண்ணி கலர் மாறிடும், தண்ணி பச்சையாகுதுன்னு சொல்றவங்க வீட்ல பாதிக்குப் பாதி இதுதான் காரணம். மல்டிமீட்டரை 10 ஆம்பியர் ஓட்டையில போட்டு லைனோட தொடரா மாட்டுங்க. மிளகுத்தூளை ஒரு சிட்டிகை தூவுங்க, சுவிட்ச் போடுங்க.

முதல்ல ஈயத்தைச் சுத்தி நகர ஆரம்பிக்கும், அப்படியே மெல்ல மெல்ல வெளிப்பக்கத்துக்கும் பரவும், கொஞ்ச நேரத்துலயே ஒரு நிதான வேகத்துக்கு வந்துடும். மீட்டர் 0.3ல இருந்து 0.5 ஆம்பியருக்குள்ள எங்கயாவது நிக்கும். முதல் தடவை அது சுத்தறப்ப வீட்ல இருந்த எல்லாருமே மேசையைச் சுத்தி வந்து நின்னுட்டோம், அவ்வளவு அழகா இருக்கும்.

அரை நிமிஷம் ஓட்டிட்டு நிறுத்துங்க. விடாம ஓட்டினா ஈயம் உதிர்ந்து கருப்புத் தூளா மிதக்கும், தண்ணியும் சூடாகும்.

7. திசையை மாத்திக் காட்டுங்க, இதுதான் இந்த மாடலோட உயிர்

தண்ணி சுத்துறதைப் பாத்ததும் வர்ற எல்லாரும் முதல்ல நினைக்கிறது காந்தம் தண்ணிய இழுக்குதுன்னுதான். அதை உடைக்கணும். நாலு காட்சி வரிசையா காட்டச் சொல்லுங்க.

காந்தம் இருக்கு, கரண்ட்டு இல்ல: தண்ணி அசையாது. நகராத துகள் மேல காந்தப்புலத்துக்கு விசையே கிடையாது.

கரண்ட்டு இருக்கு, காந்தத்தை எடுத்தாச்சு: குமிழி வரும், சுத்தாது.

ரெண்டும் இருக்கு: சுத்தும். காந்தத்தோட வட துருவம் மேல பாத்து இருந்து நடு ஈயம் பாசிட்டிவா இருந்தா, மேல இருந்து பாக்கறப்ப கடிகார முள்ளு திசையில சுத்தும். இடது கையில ஆள்காட்டி விரலை மேல நோக்கி வச்சு, நடு விரலை ஈயத்துல இருந்து வெளிப்பக்கமா நீட்டினா கட்டைவிரல் அந்தத் திசையைத்தான் காட்டும், ஃபிளெமிங் இடக்கை விதி. பிள்ளை கையை வச்சே காட்டணும்.

வயரை மாத்து, இல்ல காந்தத்தைத் திருப்பு: எதிர்ப்பக்கம் சுத்தும். ரெண்டையும் சேத்து மாத்தினா பழைய பக்கமே சுத்தும். வயரை மாத்தி வச்சா காப்பர் பாசிட்டிவ் ஆகிடும், கொஞ்ச நேரத்துல நீலப்பச்சையா படிய ஆரம்பிக்கும், அதனால பத்துப் பதினஞ்சு செகண்டுல காட்டி முடிச்சுட்டு வயரை பழையபடி வைங்க.

இப்ப அந்த முக்கியமான விஷயம். சோடாத்தண்ணியில சோடியம் அயனி பாசிட்டிவ், பைகார்பனேட் அயனி நெகட்டிவ். நடு ஈயம் பாசிட்டிவ்னா சோடியம் வெளிப்பக்கம் ஓடும், பைகார்பனேட் உள்பக்கம் ஓடும். எதிரெதிரா ஓடுற ரெண்டையும் காந்தப்புலம் எதிரெதிரா தள்ளினா ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு தண்ணி நிக்கத்தானே செய்யணும்? ஆனா நிக்கல, சுத்துது. விசைங்கிறது மின்னூட்டத்தையும் வேகத்தையும் காந்தப்புலத்தையும் பெருக்கினது. நெகட்டிவ் அயனிக்கு மின்னூட்டத்தோட குறியும் மாறுது, ஓடுற திசையும் மாறுது, ரெண்டு தடவை மாறினா பழைய இடத்துக்கே வந்துடும். அதனால ரெண்டு வகை அயனியும் ஒரே பக்கமாத்தான் தள்ளப்படுது, ரெண்டும் சேந்து தண்ணிய இழுக்குது. பிள்ளை இதை தன் வார்த்தையில சொல்லிட்டா போதும், மத்தது எல்லாம் அதுக்குப் பின்னாடிதான். சார்ட்ல ரெண்டு அயனியையும் வேற வேற கலர்ல போட்டு, ஓடுற திசைக்கு ஒரு அம்பு, விசைக்கு ஒரு அம்புன்னு பெருசா வரையச் சொல்லுங்க.

வட துருவம் எதுன்னு கண்டுபிடிக்க காந்தத்தை நூல்ல கட்டித் தொங்க விடுங்க, முகம் பக்கவாட்டுல இருக்கணும், வடக்கைப் பாத்து நிக்கிற முகம்தான் வட துருவம், மார்க்கர்ல குறிச்சுக்கோங்க. போன்ல இருக்கிற காம்பஸ் ஆப்பை இதுக்குப் பயன்படுத்தாதீங்க, இவ்வளவு பலமான காந்தத்தை கிட்ட கொண்டு போனா அது குழம்பிடும்.

8. அளவெடுத்து டேபிள் போடுறது

ஒரே ஒரு பெரிய மிளகுத் துணுக்கைக் குறி வச்சு அது பத்து சுத்து சுத்த எத்தனை செகண்டுன்னு போன்ல ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்து எண்ணுங்க. சோடா அளவைக் கூட்டிக் குறைச்சா கரண்ட்டு மாறும், ஒவ்வொரு கரண்ட்டுக்கும் மூணு தடவை எடுத்து சராசரி போடுங்க. ஒரே துணுக்கு, ஈயத்துல இருந்து ஒரே தூரம், அதே ஆழம், இது மாறினா டேபிளுக்கு அர்த்தமில்ல. கரண்ட்டு கூடினா வேகம் கூடறது தெளிவா தெரியும். அப்படியே நேர்விகிதத்துல வரலன்னு பயப்பட வேண்டாம், தண்ணி தட்டோட அடியிலயும் ஓரத்துலயும் உரசறதால வர்ற மாற்றம் அது, வந்த நம்பரை வந்தபடியே எழுதுங்க. திருத்தின டேபிளை அனுபவமுள்ள ஜட்ஜ் ஒரே பார்வையில கண்டுபிடிச்சிடுவாங்க.

கணக்கு ஒண்ணும் போட்டுக் காட்டலாம். கரண்ட்டு 0.3 ஆம்பியர், காந்தப்புலம் 0.2 டெஸ்லா, கரண்ட்டு போற தூரம் ஒரு சென்டிமீட்டர்னு எடுத்து மூணையும் பெருக்கினா விசை 0.0006 நியூட்டன் வரும், ரெண்டு மூணு அரிசி மணியோட எடைதான். அயனியோட வேகமும் அப்படித்தான், ஈயத்துல இருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி பாத்தா செகண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு அளவு. ஒவ்வொண்ணு மேலயும் விழுற விசை கணக்குலயே வராத சின்னது, ஆனா இந்தக் கரைசல்ல ஒரு மில்லியில கோடி கோடி கோடியா அயனி இருக்கு, அத்தனையும் ஒரே பக்கம் தள்ளினா தண்ணி சுத்தாம என்ன பண்ணும்.

9. சுத்தலன்னா இந்த வரிசையில பாருங்க

மீட்டர் 0.1 ஆம்பியருக்குக் கீழ இருந்தா சோடா பத்தல, இல்ல ஈயத்துல கிளிப் சரியா பிடிக்கல, இல்ல ஹெச்பி பென்சிலை எடுத்திருக்கீங்க. கரண்ட்டு இருந்தும் சுத்தலன்னா ஈயம் காந்தத்தோட நடுவுல இருந்து விலகியிருக்கும், இல்ல தட்டோட அடி ரொம்ப கனமா இருந்து காந்தம் தள்ளிப் போயிருக்கும், காந்தப்புலம் தூரம் கூடக் கூட வேகமா குறைஞ்சிடும். நடுங்குது ஆனா நகரலன்னா ஏசி அடாப்டர். மிளகு மட்டும் ஓரத்துல போய் ஒட்டிக்கிட்டா தட்டுல எண்ணெய்ப் பசை இருக்கு, சோப்புப் போட்டு கழுவி நல்லா அலசுங்க.

10. ஜட்ஜ் கேக்கிற கேள்விங்க

"காந்த விசை வேலையே செய்யாதுன்னு புத்தகத்துல இருக்கே, அப்ப தண்ணி சுத்தற சக்தி எங்கேருந்து வந்துச்சு?" நல்லா படிச்ச ஜட்ஜ் இதைக் கண்டிப்பா கேப்பாங்க. பதில் அடாப்டர்ல இருந்து. காந்த விசை எப்பவும் துகளோட வேகத்துக்கு செங்குத்தாத்தான் இருக்கும், அதனால அது திசையை மட்டும் திருப்பும், சக்தி குடுக்காது. தண்ணி சுத்த ஆரம்பிச்சதும் அயனி பக்கவாட்டுலயும் நகருது, அந்தப் பக்கவாட்டு வேகத்தால அயனி முன்னால ஓடுறதைத் தடுக்கிற மாதிரி ஒரு சின்ன விசை வரும், அந்தத் தடையை மீறி அயனியைத் தள்ள அடாப்டர் கூடுதலா வேலை செய்யுது. அந்தக் கூடுதல்தான் சுழற்சியா வெளிய வருது. எங்க பொண்ணு இதைப் படம் போட்டு விளக்கினப்பதான் ஜட்ஜ் உக்காந்து கேக்க ஆரம்பிச்சார்.

"இது எங்க பயன்படுது?" பொதுவா டிவி, மோட்டார்னு சொல்லாம திரவத்துலயே இருக்கிற உதாரணம் சொல்லச் சொல்லுங்க. குடிதண்ணி, கழிவுநீர் குழாயில ஓட்டத்தை அளக்கிற மின்காந்த மீட்டர் இதே விசையைத் திருப்பிப் போட்டது, ஓடுற தண்ணியில இருக்கிற அயனிங்களை காந்தப்புலம் ரெண்டு பக்கமா பிரிக்கும், அதனால வர்ற வோல்ட்டேஜை அளந்து வேகத்தைச் சொல்லும். கல்பாக்கத்துல இருக்கிற வேக ஈனுலைங்களுக்கு (ஒரு வகை அணு உலை) குளிர்விப்பானே திரவ சோடியம்தான், சோடியம் உலோகமா இருக்கறதால அதை மின்காந்த பம்ப்பால நகர்த்த முடியும், உள்ள சுத்தற பாகம் எதுவுமே தேவையில்ல. ஜப்பான்ல 1992ல யமாட்டோ-1னு ஒரு கப்பலை புரொப்பல்லர் இல்லாம கடல்தண்ணியையே இப்படித் தள்ளி ஓட்டினாங்க, மணிக்கு சுமார் 15 கிலோமீட்டர் வேகம்தான் வந்துச்சு. தட்டுல நடக்கிறது அப்படியே கப்பலுக்கு வந்த கதை அது, பிள்ளைங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

"பூமியோட காந்தப்புலத்துல இது சுத்தாதா?" நம்ம ஊர்ப் பக்கம் அது 40 மைக்ரோ டெஸ்லா சுமார். மேல போட்ட 0.2 டெஸ்லா அதை விட 5,000 மடங்கு. விசை இருக்கும், ஆனா கண்ணுக்குத் தெரியற அளவுக்கு இருக்காது.

தெரியாத கேள்வி வந்தா "இதை நான் செஞ்சு பாக்கல சார், செஞ்சு பாத்துட்டு சொல்றேன்"னு நேரா சொல்லப் பழக்குங்க.

11. கண்காட்சி அன்னைக்கு

சோடாத்தண்ணிய ரெண்டு லிட்டர் பாட்டில்ல கலந்து எடுத்துட்டுப் போங்க, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை தட்டுத் தண்ணிய மாத்துங்க. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் உங்களோடதே ஒண்ணு வேணும், ஸ்டால்ல பிளக் பாயின்ட் எங்க இருக்கும்னு யாருக்கும் தெரியாது. அடாப்டரும் பிளக்கும் தண்ணிக்கு எட்டாத உயரத்துல இருக்கட்டும். கூடுதல் ஈயம், பிளேடு, டேப்பு, பழைய துணி.

காந்தத்தைப் பத்தி கண்டிப்பா ஒரு போர்டு வைங்க: இதயத்துல பேஸ்மேக்கர் வச்சவங்க கிட்ட வர வேண்டாம், ஏடிஎம் கார்டு, போன் மேசையில வைக்க வேண்டாம். கைக்குழந்தைங்க வர்ற இடம்னா கூடுதல் கவனம், இந்தக் காந்தம் ரெண்டு வயித்துக்குள்ள போனா குடலை நடுவுல வச்சு ஒட்டிக்கும், ஆபரேஷன் வரைக்கும் போகும். டேப்பு போட்டு மேசையோட ஒட்டியே வைங்க, கையில எடுத்துக் காட்ட யாருக்கும் குடுக்காதீங்க.

முடிஞ்சதும் சோடாத்தண்ணிய சிங்க்ல ஊத்தி நிறைய தண்ணி விட்டுடலாம். காப்பர் வளையத்துல பச்சை படிஞ்சிருந்தா எலுமிச்சை தேய்ச்சு கழுவுங்க. கிளம்பறதுக்கு முன்னாடி காந்தம் மூணும் இருக்கான்னு எண்ணிப் பாத்து, மூடி இறுக்கமா இருக்கிற டப்பாவுல போட்டு, அதைப் பையில போன் இல்லாத பக்கமா வைங்க.